அக்கா அழிக்காத ஃபைல்

எங்கள் அலுவலகத்தில் ஒரு ஃபைலைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், சம்பந்தப்பட்ட ஆசாமி எப்படித் தும்முவார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கட்சிக்காரரின் பெயர், வழக்கு எண், தேதி இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. அக்காவின் கம்ப்யூட்டரில் அப்படிப்பட்ட பெயரில் ஒரு ஃபைலும் கிடையாது. 'அடுக்குத் தும்மல் வாடகை' உண்டு. 'பொண்டாட்டிக்குத் தலையாட்டி' உண்டு. 'மூக்குறிஞ்சி விவாகரத்து' உண்டு. அதற்கு நேர் கீழே 'மூக்குறிஞ்சி மறுபடியும் கல்யாணம்' உண்டு. இரண்டிலும் பெண் ஒருத்திதான்.

அக்கா என்றால் எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்தின் டைப்பிஸ்ட். வயது ஐம்பத்து நான்கு. பத்தொன்பது வருஷமாக ஜன்னலோரத்தில் ஒரே நாற்காலி. நான் அங்கே குமாஸ்தா. நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அலைகிறவன். எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபமே வரும்.

பத்திரம் எழுதுகிற இடங்களில் வெளியே சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே யாரும் எதையும் புதிதாக எழுதுவதில்லை. முன்பு யாருக்கோ எழுதியதைத் திறந்து, மேலே இருக்கும் பெயரையும் முகவரியையும் மாற்றினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. முதல் வரியில் மட்டும்தான் ஆளுக்குப் பெயர். அதன்பிறகு கடைசிவரை அவர் 'மேற்படியார்'. மேற்படியார் வீட்டை விற்பார், மேற்படியார் மனைவியைப் பிரிவார், மேற்படியார் உயில் எழுதுவார். ஆகவே எந்த வேலைக்கு எந்தப் பழைய ஃபைலைத் திறப்பது என்று தெரிந்தவர் கையில்தான் அலுவலகத்தின் குடுமி இருக்கும். எங்கள் அலுவலகத்தின் குடுமி அக்கா கையில் இருந்தது.

இந்த வேலையில் ஆபத்து ஒன்றே ஒன்றுதான். பழைய ஆளின் சங்கதி ஏதாவது புதிய ஆளின் பத்திரத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அக்கா எதையும் கடைசிப் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கத்துக்குப் படித்து வருவார், ஒரு எறும்பு தப்பாது. அவர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் எங்கள் வக்கீல் சின்னவர் தானே ஒரு டீச்சருக்கு வாடகைப் பத்திரம் தயார் செய்தார். 'மேற்படியார் தமது இரண்டு லாரிகளையும் முற்றத்தில் நிறுத்திக்கொள்ளலாம்' என்று அதில் இருந்தது. அந்த டீச்சருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

சின்னவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் அவருடைய அப்பா தொடங்கியது. அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதும் இரண்டு வருஷமாக இவர் ராஜ்யம். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் இரண்டு குணம் உண்டு. முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். நடுவில் இருப்பதெல்லாம் அவருக்கு வெறும் பஞ்சடைப்பு. இரண்டாவது, கசப்பான விஷயத்தை யார் முகத்தைப் பார்த்தும் சொல்ல மாட்டார். டீக்காரனிடம் டீ ஆறிவிட்டது என்று சொல்லக்கூட என்னைத்தான் அனுப்புவார்.

ஒரு திங்கட்கிழமை அவர் அக்காவின் மேஜைக்கு வந்து நின்றார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை புது கம்ப்யூட்டர் வருது. இதுல இருக்கறது எல்லாத்தையும் அதுல ஏத்த முடியாது, பாதிக்கு மேல குப்பை. எது வேணும், எது வேணாம்னு பார்த்து, வேணாங்கறதை அழிச்சிடுங்க."

"எதை அழிச்சா பரவால்லைன்னு எப்படித் தம்பி சொல்றது?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்! நான் 'மொட்டை மாடிச் சண்டை'ங்கறதைத் திறந்தா உள்ள பவர் பத்திரம் இருக்கு. மிச்சம் இருக்கறதுக்கும் ஒழுங்கா பேர் வெச்சிடுங்க. கட்சிக்காரர் பேரு, வருஷம், அவ்ளோதான். நாளைக்கு யார் வந்து உக்காந்து தேடினாலும் கிடைக்கணும்."

யார் வந்து உட்கார்ந்து தேடினாலும் என்ற பேச்சு அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அன்றைக்கு நான் வேறு யார்மேலோ கோபமாக இருந்தேன்.

நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல்கள். அக்கா மூன்று குவியல் வைத்துக்கொண்டார்: 'அழிக்கலாம்', 'அழிக்கக் கூடாது', 'அப்புறம் பார்க்கலாம்'. பழையதிலிருந்து தொடங்கிப் புதியதுக்கு வருவதாக ஏற்பாடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"இது போச்சுன்னா யாராவது மாடிப்படி ஏறி வந்து கத்துவாங்களா?"

கேட்பதற்கு நல்ல கேள்வியாகத்தான் இருந்தது. உட்கார்ந்து பார்த்தபோதுதான், எங்கள் கட்சிக்காரர்களில் கத்தாத ஆள் ஒருவரும் இல்லை என்று தெரிந்தது.

"அடுக்குத் தும்மல்?" என்றேன். கட்டுகளைத் தூசி தட்டுகிற சாக்கில் நானும் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"வீட்டைக் காலி பண்ணிட்டு வேற ஊருக்கே போயாச்சு. அழிக்கலாம்."

"மூக்குறிஞ்சி விவாகரத்து?"

"ஐயையோ, அதைத் தொடாதே. ரெண்டு பேரும் போன வாரம் கடைத்தெருவுல நின்னு பேசிக்கிட்டிருந்த விதத்தைப் பார்த்தா சீக்கிரமே வேண்டியிருக்கும்."

"அவங்க மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஃபைலு?"

"அதுவும் இருக்கட்டும். விவாகரத்துக்கு அப்புறம் அதுதானே வரும்."

அடுத்து வந்தது 'கடைசி ஆசை மாமா'. இந்த மாமா வருஷா வருஷம் வந்து உயிலை மாற்றுகிறவர். அவர் பெயரில் எட்டு ஃபைல்கள் இருந்தன: 'கடைசி ஆசை', 'இதுதான் கடைசி ஆசை', 'சத்தியமா கடைசி ஆசை' என்று போய், எட்டாவது 'மாமா சொன்னா கேளுங்க' என்று முடிந்தது.

"எட்டாவது இருந்தா போதுமே. மத்த ஏழும் செல்லாது," என்று எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன்.

"போன மாசம் வந்து என்ன சொன்னார் தெரியுமா? 'மருமகன் இப்போ திருந்திட்டான்மா, மூணாவது உயில்ல இருந்த மாதிரியே போட்டுடு'ன்னார். மூணாவதை அழிச்சா நான் எங்க போய் நிக்கறது?"

எட்டும் 'அழிக்கக் கூடாது' குவியலுக்குப் போனது. இப்படியே போனால் வெள்ளிக்கிழமை வருவதற்குள் புது கம்ப்யூட்டரே பழசாகிவிடும் என்று நான் முணுமுணுத்தேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. திடீரென்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்து இளித்தார்.

"உன் சமாச்சாரம் வந்தாச்சுப்பா. கோபம் ஒண்ணுலேருந்து கோபம் பதினாலு வரைக்கும்."

அவை என் ராஜினாமாக் கடிதங்கள். பதினோரு வருஷத்தில் பதினான்கு முறை நான் வேலையை விட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூச்சிரைக்க வந்து அக்காவிடம் சொல்லச் சொல்ல, அவர் ஒரு எழுத்து விடாமல் டைப் அடிப்பார். அடித்து முடித்துவிட்டு, "பிரிண்டர்ல மை இல்லைப்பா, நாளைக்கு எடுத்துத் தரேன்" என்பார். அந்த நாளை வந்ததே இல்லை. பத்து வருஷத்துக்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் போய்ச் சொல்லி அடிக்கச் சொல்லாமல் இருக்க முடிந்ததில்லை.

"அழிச்சிடட்டுமா?"

"ஒம்பதாவதை மட்டும் வைங்க. அதுல ரெண்டாவது பாரா நல்லா வந்திருக்கும்."

"ஆமா, அதுல நம்ம பழைய முதலாளியை 'நெஞ்சில் ஈரம் காய்ந்த பாறை'ன்னு சொல்லியிருந்தே. டைப் அடிக்கும்போதே எனக்குப் பிடிச்சுது."

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை மாலை மூன்றரை மணிவாக்கில் புதிய ஃபைல்களுக்கு வந்து சேர்ந்தோம். 'அழிக்கலாம்' குவியலில் எழுநூறு தேறியிருந்தது. 'அப்புறம் பார்க்கலாம்' ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் அக்கா ஒரு ஃபைலில் வந்து நின்றார்.

"'புதிய ஆவணம்'னு ஒண்ணு இருக்கு. நான் இப்படிப் பேர் வைக்க மாட்டேனே?"

அது இருந்த இடம் 'உர்ர் அண்ணன்' என்ற உறை, அதாவது ஃபோல்டர். உர்ர் அண்ணன் என்பவர் மரக்கடைப் பெரியவர், எங்கள் அலுவலகத்தின் பெரிய கட்சிக்காரர். குரலே உறுமல் மாதிரி இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் கடை நிர்வாகத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு விலகினார். விலகினாரே தவிர, பிடியை விடவில்லை. அவர் போட்ட நிபந்தனைகளை அண்ணன் தம்பி இருவரைத் தவிர வெளியார் யாருக்கும் தெரியாமல், காதும் காதும் வைத்த மாதிரி எழுதிக் கொடுத்தோம். அதன் ஃபைல்தான் அந்த உறையில் இருந்தது.

அக்கா 'புதிய ஆவண'த்தைத் திறந்தார். மூன்று பக்கம். மேலே முதல் வரியில் இருந்தது அக்காவின் பெயர்.

'இத்தனை ஆண்டுகள் இந்த ஸ்தாபனத்தின் தூணாக நின்று, தம் உழைப்பாலும் நேர்மையாலும் அனைவருடைய மதிப்பையும் பெற்ற மேற்படியார், வருகிற வெள்ளிக்கிழமை முதல் பொறுப்புகளிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.'

நான் ஃபைலின் விவரத்தைத் தட்டிப் பார்த்தேன். கடைசியாகத் திருத்தியது திங்கட்கிழமை காலை, சின்னவரின் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து. எங்கள் அலுவலகத்தில் எல்லா மெஷினும் ஒன்றோடொன்று இணைப்பு. பழைய ஃபைலைத் திறந்து வேறு பெயரில் சேமித்தால் அது அந்தப் பழைய ஃபைலின் உறைக்குள்ளேயே போய் உட்காரும். சின்னவருக்கு அது தெரியாது. ஆக, திங்கட்கிழமை காலையில் அக்காவை வீட்டுக்கு அனுப்பக் கடிதம் தயார் செய்துவிட்டு, அந்தக் கையோடு வெளியே வந்து, எதை அழிக்கலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரிடமே கேட்டிருக்கிறார்.

"இது என் வாக்கியம்ப்பா," என்றார் அக்கா. "'தூணாக நின்று'ன்னு மரக்கடைக்காரருக்கு நான்தான் போட்டேன். என்னை வீட்டுக்கு அனுப்பறதுக்கு ஒரு வரி சொந்தமா எழுதக்கூடாதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே பதினைந்தாவது ராஜினாமாவைச் சொல்லியிருப்பேன். ஆனால் டைப் அடிக்க வேண்டியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல போய் என்ன பண்ணுவேன் சொல்லு. எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதுலேருந்து நாள் பூரா டிவி. அதுவும் பக்கத்துத் தெருவுக்குக் கேக்கற மாதிரி. சம்பளத்தைக்கூட விடு. காலையில ஒம்பது மணிக்குச் செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பறதுக்கு எனக்குன்னு ஒரு இடம் வேணும்ப்பா. அந்த இடத்துல என்னை நாலு பேர் தேடணும்."

"அதை அழிச்சுத் தொலைங்க," என்றேன். அழித்தால் சின்னவர் இன்னொன்று அடிப்பார் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

அக்கா அழிக்கவில்லை. பழக்கதோஷம், கடைசிப் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது பக்கத்தின் நடுவில் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாசிச்சுப் பாரு. சத்தமா வாசிக்காதே."

சின்னவர் பெயரை மாற்றியிருந்தார், தேதியை மாற்றியிருந்தார், மரக்கடை என்பதை அலுவலகம் என்று மாற்றியிருந்தார். எல்லாம் முதல் பக்கத்தில். அதற்கு மேல் மவுஸை உருட்டவில்லை. இரண்டாவது மூன்றாவது பக்கங்களில் மரக்கடைப் பெரியவர் போட்ட நிபந்தனைகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. அங்கே பெயர் எதுவும் கிடையாது. எல்லாமே மேற்படியார்தான். மேற்படியார் இப்போது அக்கா.

"அக்கா, இதை அவர் கையெழுத்துப் போட்டாருன்னா..."

"ம்."

"சொல்லிட வேணாமா? தப்பு இருக்குன்னு?"

"டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தா தப்பைத் திருத்தித் தர்றது என் வேலை. இது எங்கிட்ட வரவே இல்லையே," என்றார் அக்கா. பிறகு திரைக்குத் திரும்பினார். "இது போச்சுன்னா யாராவது வந்து கத்துவாங்களா?"

"நீங்க கத்துவீங்க."

"அப்போ இது அழிக்கக் கூடாது," என்று சொல்லி அதை அந்தக் குவியலில் போட்டார்.

அலுவலகத்துக்கு ஒரே பிரிண்டர், அது அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில். வியாழக்கிழமை அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போன நேரம் பார்த்து பிரிண்டர் உயிர் பெற்றது. சின்னவர் அறையிலிருந்து பாய்ந்து வந்து தாள்களை அள்ளினார். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தார்.

"குமாஸ்தா, நீங்க எதுவும் பார்க்கலையே?"

"எதை சார்?"

அவர் என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார். மூன்று நாளாக மென்று முழுங்கிக்கொண்டிருந்ததை இறக்கி வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது போலும். புது கம்ப்யூட்டரில் எல்லாம் பெயர் வாரியாக வந்துவிடுமாம், பத்திரங்களைத் தானே பார்த்துக்கொள்வாராம். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். அதனால் வெள்ளிக்கிழமை புது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்க நாலு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னிலையில் கடிதத்தைக் கௌரவமாக வாசித்துக் கொடுத்துவிடுவாராம்.

"ஆளுங்க இருந்தா அக்கா சத்தம் போட மாட்டாங்க பாருங்க. நீங்கதான் வாசிக்கணும், உங்க குரல்தான் கணீர்னு இருக்கும்."

"முழுசா வாசிக்கணுமா சார்?" என்று கேட்டேன். கடவுள் சாட்சியாக, அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டுமென்றுதான் கேட்டேன்.

"பின்னே? அவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்."

என் கண்முன்னே முதல் பக்கத்தை ஒருமுறை ரசித்துப் படித்தார். தாளைப் புரட்டினார். ஃபோன் அடித்தது. தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டு மூன்றாவது பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அலுவலகத்தில் ஆறு பேர். நாங்கள் மூவர், அடுத்த அறை வக்கீலம்மா, எதிர்வீட்டு நோட்டரி, பிறகு மரக்கடைப் பெரியவர். பெரிய கட்சிக்காரர் என்பதால் புது கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கும் மரியாதை அவருக்கு. அவர் அமுக்கினார், திரையில் வெளிச்சம் வந்தது, எல்லோரும் கை தட்டினோம். டீயும் பிஸ்கட்டும் வந்தன. அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு ஜன்னலோரத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சின்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொரு முக்கியமான விஷயம். நம்ம அக்காவுக்கு ஒரு கடிதம். குமாஸ்தா, வாசிங்க."

வாசித்தேன். நீதிமன்ற வாசலில் பெயர் கூப்பிடுகிற குரலில் வாசித்தேன். 'தூணாக நின்று' வந்ததும் வக்கீலம்மா உச்சுக்கொட்டினார். 'விடுவிக்கப்படுகிறார்' என்றதும் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னவர் அப்பாடா என்று மூச்சுவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். நான் இரண்டாவது பக்கத்தைப் புரட்டினேன்.

"'நான்கு: மேற்படியார் விலகினாலும் அவருடைய நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கும். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது.'"

பிஸ்கட் சின்னவரின் வாயில் பாதியில் நின்றது.

"'ஐந்து: மேற்படியார் விரும்பும் நாளில் விரும்பும் நேரத்துக்கு வரலாம், போகலாம். ஏன் வந்தீர்கள் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அவருக்கு இதுநாள்வரை கிடைத்து வந்தது எதிலும் குறை வைக்கக் கூடாது. ஆறு: மேற்படியாரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஸ்தாபனத்தின் ஆவணம் எதையும் அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது.'"

"குமாஸ்தா, போதும்," என்றார் சின்னவர். முகத்தில் ரத்தமே இல்லை.

"இருப்பா, வாசிக்கட்டும்," என்று உறுமினார் மரக்கடைப் பெரியவர். அவர் நெற்றி சுருங்கியிருந்தது.

நான் ஏழாவதற்கு வந்தேன். தாளில் இருந்தது, மரம் அறுக்கும் இயந்திரத்தை மேற்படியார் முன்னிலையில்தான் இயக்க வேண்டும் என்பது. அதை மட்டும் சின்னவர் பார்த்திருந்தால் கதை வியாழக்கிழமையே முடிந்திருக்கும். அப்படியே வாசித்தால் மரக்கடையின் குட்டு உடைந்துவிடும். நான், "'புதிய கம்ப்யூட்டரை மேற்படியார் முன்னிலையில்தான் இயக்க வேண்டும்'" என்று வாசித்தேன். அக்காவின் உதடு ஒரு நொடி துடித்தது. எட்டாவது, நாள்தோறும் நாலு மணிக்கு அவருக்குச் சர்க்கரை போடாத டீ. வாசித்து முடித்துத் தாளை அக்காவிடம் கொடுத்தேன்.

மரக்கடைப் பெரியவர் மெல்லத் திரும்பி சின்னவரைப் பார்த்தார்.

"இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே. யார் எழுதினது?"

சின்னவரின் நிலைமையை நினைத்தால் எனக்கு இப்போதும் உள்ளுக்குள் குறுகுறுக்கிறது. தவறுதலாக வந்துவிட்டது என்று சொன்னால், எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். மரக்கடை வீட்டு ரகசியத்தை எடுத்து ஆறு பேர் நடுவில் குமாஸ்தாவை விட்டு வாசிக்க வைத்தேன் என்று, அதே ஆள் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ள வேண்டும். மரக்கடை போனால் எங்கள் அலுவலகத்துக்குப் பாதி வேலை போகும். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தன் டீயைப் பார்த்தார்.

"நான்தான் சார் எழுதினேன்," என்றார் சின்னவர், தொண்டையில் பிஸ்கட் அடைக்க. "அக்காவுக்காகவே... யோசிச்சு எழுதினது."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அதில் மிச்சப் பிஸ்கட்டும் உள்ளே போயிற்று.

"நல்லா எழுதியிருக்கே. எனக்கும் இதே மாதிரிதான் இருக்கு. என் தம்பி பாதியைக்கூட மதிக்கறதில்லை. நீயாவது மதி. மாசாமாசம் வந்து பார்ப்பேன், அந்த நாற்காலி அங்கேயே இருக்கான்னு."

அவர் போன பிறகு மற்ற இருவரும் போனார்கள். வக்கீலம்மா போகும்போது, தன் அலுவலகத்தில் இப்படி யாரும் எழுதித்தர மாட்டார்கள் என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மூவர் மட்டும் மிஞ்சினோம். நான் டீ தம்ளர்களைப் பொறுக்குகிற பாவனையில் நின்றேன்.

சின்னவர் அக்காவின் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, அந்த லெட்டரைக் கொடுங்க. அது... தப்பா வந்திடுச்சு. நான் வேற நல்லதா எழுதித் தரேன்."

"முடியாதே தம்பி. ஆறாவது படிங்க. என் சம்மதம் இல்லாம எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது. இதுவும் ஆவணம்தானே, உங்க கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் தம்ளரை உடைத்திருப்பேன்.

"நீங்க இதை முன்னாலேயே பார்த்தீங்களா அக்கா?"

"புதன்கிழமை பார்த்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அக்கா கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கும்வரை அந்தச் சிரிப்பு, குறும்பு எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"திங்கக்கிழமை நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே உக்காந்து டைப் அடிச்சுக் கொடுத்திருப்பேன் தம்பி. ஒரு தப்பு இல்லாம."

சின்னவர் தன் அறைக்குப் போகாமல், பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவுக்கு எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.